டிரசர் பதில்கள்: கதவில்லாத சாவி

மலேசிய ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசராக இருந்த எனக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாலஸ்தீனம், தோட்டம், ஊர் என்று ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை இறங்குமா என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு பாலஸ்தீனப் பையன் வாடகைக்கு இருக்கிறார். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. நல்ல பையன், வாடகை தப்பாது. ஆனால் சுவரில் பெரிய இரும்புச் சாவி ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார். பூட்டுக்குச் சேராத சாவி வீட்டில் இருந்தால் தரித்திரம் என்கிறார் என் மாமியார். கழற்றச் சொல்லலாமா? (இல்லத்தரசி, பத்தாங் பெர்ஜுந்தை)

பதில்: அம்மா, முகவரியைப் பார்த்ததும் உங்கள் வீடு என் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் போன சனிக்கிழமை நேரிலேயே வந்துவிட்டேன். கோப்பிக்கு நன்றி. சீனி கொஞ்சம் தூக்கல்.

தம்பி சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீளம். பிடிக்க ஒரு வளையம், நுனியில் மூன்று பல். நல்ல கனம். ஆனால் துருவே இல்லை. எழுபத்தைந்து வருடத்துக்கு மேலான சாவி எப்படி இவ்வளவு புதுசாக இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்த மலாயிலும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் விஷயம் வெளியே வர அரை மணி நேரமாயிற்று. அசல் சாவி லெபனானில், சைதா நகரத்தை ஒட்டிய அய்ன் அல்-ஹில்வே முகாமில், பெரியப்பா வீட்டில் இருக்கிறதாம். தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் பதினோரு பேர். எல்லாருக்கும் சாவி வேண்டும் என்று சண்டை. கடைசியில் ஒரு பட்டறையில் கொடுத்து அதே அளவில் பதினொன்று அடித்து வாங்கிவிட்டார்கள். வீடு இடிந்து தலைமுறை கடந்துவிட்டது. அதற்கு மாற்றுச் சாவி அடித்திருக்கிறது அந்தக் குடும்பம்!

அந்த வீடு இருந்த ஊர் சஃபூரியா. நாசரேத்துக்குப் பக்கம், மாதுளைக்குப் பேர்போன ஊர். நாலாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 1948 ஜூலையில் இஸ்ரேல் படை பிடித்தபோது குண்டுக்குப் பயந்து வடக்கே நடந்தவர்களில் தம்பியின் தாத்தாவும் ஒருவர். ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டார். அந்தப் போர்க் காலத்தில் வீடிழந்தவர்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல். ஆளில்லாமல் போன ஊர்கள் நானூறுக்கு மேல். அதைத்தான் அவர்கள் நக்பா, பேரழிவு என்கிறார்கள். அதே 1948 டிசம்பர் 11-இல் ஐ.நா. பொதுச்சபை 194-ஆம் தீர்மானம் போட்டது: அண்டை அயலாரோடு அமைதியாக வாழ விரும்பும் அகதிகள் வீடு திரும்ப விட வேண்டும், திரும்ப விரும்பாதவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று. தம்பிக்கு அந்தத் தீர்மானத்தின் எண் தன் அடையாள அட்டை எண்ணைப் போல மனப்பாடம். தாத்தா அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே செத்துப்போனாராம்.

சஃபூரியா இப்போது வரைபடத்தில் சிப்போரி. யூதக் குடியிருப்பு ஒன்று, பக்கத்தில் பழைய ரோமானியக் காலத்து இடிபாடுகளைப் பார்க்க டிக்கெட் வாங்கிப் போகும் பூங்கா ஒன்று. பழைய வீடுகள் இருந்த இடத்தில் பைன் மரங்கள். தம்பி கைப்பேசியில் காட்டினார். காடு மாதிரி இருந்தது. கூர்ந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே சப்பாத்திக்கள்ளிப் புதர் வரிசையாக நிற்கிறது. அங்கே அந்தக் காலத்தில் வேலிக்குக் கள்ளிதான் வைப்பார்கள். வெட்டினாலும் திரும்ப முளைக்கும். ‘இது எங்கள் பக்கத்து வீட்டு வேலி’ என்று விரல் வைத்துக் காட்டினார், தான் ஒருநாளும் நிற்காத வேலியை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். லெபனானில் பிறந்த பாலஸ்தீனியருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது. மருத்துவர், வழக்கறிஞர் என்று பல தொழில்கள் செய்ய முடியாது. 2001-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு தன் பெயரில் வீடு வாங்கவும் முடியாது. ஆக, தாத்தா வீட்டுச் சாவி இருக்கிறது, சொந்தமாக ஒரு பூட்டு வாங்கி மாட்டக் கதவு இல்லை. ஜோர்டானில் நிலைமை வேறு, அங்கே பெரும்பாலோருக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டார்கள்.

எனவே கழற்றச் சொல்லாதீர்கள். மாமியாரிடம் என் பெயரைச் சொல்லுங்கள். பூட்டுக்குச் சேராத சாவி தரித்திரம் என்றால் அந்தத் தரித்திரம் என் மேசை இழுப்பறையிலும் 1996-இலிருந்து கிடக்கிறது. நான் வேலை பார்த்த தோட்ட ஆஸ்பத்திரியின் மருந்தலமாரிச் சாவி அது. தோட்டம் கைமாறி எல்லாரையும் லோரியில் ஏற்றிய அன்று, கொய்னா மாத்திரை, டிங்சர் அயோடின் எல்லாம் கணக்குப் பார்த்து ஒப்படைத்து, கையெழுத்தும் போட்டுவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மறுவாரம் கொடுக்கப் போனால் கட்டடமே இல்லை. என்னுடையது வெறும் மறதி. தம்பியுடையதை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

கேள்வி: சிலியில் பிறந்தவர்கள்கூட ‘என் நாடு பாலஸ்தீனம்’ என்கிறார்களே, பார்க்காத ஊருக்கு ஏங்குவது நடிப்பு இல்லையா? என் அப்பாவும் ‘நம்ம ஊர் ராசிபுரம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் விமானத்தில்கூட அதன் மேல் பறந்ததில்லை. (கல்லூரி மாணவர், கிள்ளான்)

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் திமிரான கேள்வியும்கூட. இருக்கட்டும், வயசு.

மத்திய கிழக்குக்கு வெளியே பாலஸ்தீனியர் மிக அதிகமாக இருப்பது சிலியில்தான். அவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் 1948-க்கு வெகு முன்பே, துருக்கி சுல்தான் ஆட்சிக் காலத்திலேயே, பெத்லஹேம், பெய்த் ஜாலா பக்கமிருந்து வியாபாரத்துக்காகக் கப்பல் ஏறியவர்கள். கையில் துருக்கிப் பாஸ்போர்ட் இருந்ததால் அங்கே அவர்களுக்கு ‘துருக்கிக்காரன்’ என்று பட்டம். 1920-இல் அங்கே ‘பாலஸ்தீனோ’ என்று ஒரு காற்பந்துக் குழு தொடங்கினார்கள். இன்றைக்கும் விளையாடுகிறது. 2014-இல் சட்டை முதுகில் ‘1’ என்ற எண்ணைப் பழைய பாலஸ்தீன வரைபடத்தின் வடிவில் அச்சடித்தார்கள். காற்பந்துச் சங்கம் அதைத் தடை செய்தது. நூறு வருடம் ஸ்பானிய மொழி பேசி, அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, கடைசியில் சட்டை முதுகில் ஒரு எண்ணுக்காக மல்லுக்கு நிற்கிறார்கள் என்றால் அதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம் பின்னறைத் தம்பியிடம் இதையே கேட்டேன். யார் எந்த ஊர் என்று கேட்டாலும் முதலில் சஃபூரியா என்பாராம். கேட்டவர் முழித்தால் பாலஸ்தீனம். ‘பாலஸ்தீனத்தில் எங்கே பிறந்தாய்?’ என்றால் லெபனான். முகாமிலேயே தெருக்களுக்குப் பழைய ஊர்ப் பெயர்தான். சஃபூரியாக்காரர் ஒரு பக்கம், சஃப்சாஃப்காரர் ஒரு பக்கம் என்று ஊர் ஊராகக் குடியேறியிருக்கிறார்கள். பக்கத்துத் தெருப் பெண்ணைக் கட்டினால் ‘வெளியூர்ச் சம்பந்தம்’ என்று பாட்டிமார் முகம் சுளிப்பார்களாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், மேட்டு லயத்துப் பெண்ணைப் பள்ளத்து லயத்துக்குக் கொடுக்க யோசித்த கதைகள் எத்தனை! அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். பாட்டி வீட்டு வாசலிலிருந்து ஊற்றுக்குப் போகும் வழி அவருக்குத் தெரியும். எங்கே திரும்ப வேண்டும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த இடத்தில் மாதுளைக் கிளை தலையில் இடிக்கும் எல்லாம். நாய் செத்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது.

உன் அப்பாவின் ராசிபுரம் வேறு. அது கல்யாணப் பத்திரிகையில் அச்சாகிற ஊர். அதில் தப்பு ஒன்றும் இல்லை. என் அப்பாவும் நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். 1986-இல் போனேன். ஒன்பது நாள் இருந்தேன். வயிறு கெட்டது. பங்காளி ஒருவர் என் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் என்னை விரட்டவில்லை, ஒருவரும் இருக்கவும் சொல்லவில்லை. திரும்பி வந்து சுபாங் விமான நிலையத்தில் இறங்கி, வெளியே அடித்த ஈரக் காற்றை இழுத்ததும்தான் மூச்சு சரியானது. எனக்கு ஊர் என்றால் ஏழாம் லயம், நாலாம் வீடு. உனக்குக் கிள்ளானாக இருக்கலாம். அப்பா ராசிபுரம் என்று சொல்லும்போது தலையாட்டிவிட்டுப் போ, காசா பணமா?

கேள்வி: தோட்டங்களை விட்டு விரட்டப்பட்ட மலேசியத் தமிழர்களும் பாலஸ்தீனியர்கள்தான். ஒத்துக்கொள்கிறீர்களா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: இல்லை.

கோபப்படாமல் மேலே படியுங்கள். விரட்டப்பட்ட வலி எனக்கும் உண்டு. மூன்று தலைமுறை பால்மரம் சீவிய தோட்டத்தை யாரோ யாருக்கோ விற்றார்கள். லயத்தைக் காலி செய்ய நோட்டீஸ் வந்தது. தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று ஒரு கணக்கு வந்தது, அந்தக் கணக்கும் பாதியில் நின்றது. தங்கரத மாரியம்மனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அம்மனை எந்த மாடி வீட்டில் கொண்டுபோய் வைப்பது? மாட்டை விற்றோம், கோழியைச் சமைத்தோம், நாயை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் நாய் பன்னிரண்டு கல் நடந்து வந்து மலிவு வீட்டு மாடிப்படியில் படுத்துக்கிடந்தது. இது எல்லாம் உண்மை.

ஆனால் நம் தாத்தாக்கள் கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பி, ரஜுலா மாதிரியான கப்பல்களில், கூலிக்கு வந்தவர்கள். வந்த இடத்தில் ஏமாந்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துப்போகப்பட்டுச் செத்தார்கள். துப்பாக்கி முனையில் சொந்த நாட்டை விட்டுத் துரத்தப்பட்டு இங்கே வரவில்லை. இன்று நம்மில் பெரும்பாலோரின் கையில் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டையோடும் அதுவும் இல்லாமலும் அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சத்தம் போடுங்கள், நானும் கூட வருகிறேன். அதற்குப் பாலஸ்தீனியரின் பெயரைக் கடன் வாங்க வேண்டாம்.

ஒரு வித்தியாசம் சொல்கிறேன். நம் பட்டணத்துக்குப் பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பஸ்ஸில் ஏறினால் நான் இன்னும் ‘பெர்ஜுந்தை’ என்றுதான் டிக்கெட் கேட்கிறேன், நடத்துநரும் கொடுக்கிறார். இஸ்ரேலில் ஊர்ப் பெயர்களை மாற்றி எழுத அரசாங்கமே குழு போட்டது. 1950-இல் ‘இல்லாதவர் சொத்துச் சட்டம்’ என்று ஒன்று வந்தது. ஊரில் இல்லாதவரின் வீடும் நிலமும் அரசுக்குப் போகும். சரி, பக்கத்து ஊரில் ஒதுங்கியிருந்துவிட்டு நாட்டுக்குள்ளேயே இருந்தவர்? அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ‘இருந்தும் இல்லாதவர்’. கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் குடும்பத்துக்கு அதுதான் நடந்தது. 1948-இல் அல்-பிர்வா என்ற ஊரை விட்டு லெபனானுக்கு ஓடினார்கள், சீக்கிரமே ரகசியமாகத் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் ஊர் இல்லை. குடும்பம் அரசாங்கக் கணக்கில் இல்லாதவர்கள். ஏழெட்டு வயசுப் பிள்ளை, சொந்த மண்ணில் நின்றுகொண்டே அகதி.

நமக்கும் ஒரு காலம் வந்தது. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது பல்லாயிரம் தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். என் தாய்மாமாவும் போனார். இங்கே பிறந்தவர், பேப்பர் எடுக்க மறந்தவர். திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெட்டிக்கடை வைத்தார். சாகும்வரை அந்த ஊரில் அவர் ‘மலாயாக்காரர்’தான். எனக்கு எழுதும் கடிதத்தில் நலம் விசாரித்த கையோடு ஒரே கேள்வி: ரப்பர் கொட்டை வெடிக்க ஆரம்பித்துவிட்டதா? மத்தியான வெயிலில் பட்பட் என்று வெடித்துத் தகரக் கூரையில் விழும் சத்தம். ஒருமுறை ஒரு பிடி கொட்டையைப் பொட்டலம் கட்டி அனுப்பினேன். கடை மேசையில் கண்ணாடிப் போத்தலில் போட்டு வைத்திருந்தாராம். மாமாவைப் பற்றிப் பேசினால் நீங்கள் கேட்ட ஒப்புமைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: அது முஸ்லிம்கள் விவகாரம். நம் பத்திரிகைக்கு எதற்கு? (பெயர் வெளியிட விரும்பாதவர், ஈப்போ)

பதில்: இக்ரித் என்று ஓர் ஊர், லெபனான் எல்லைக்குப் பக்கம். கிட்டத்தட்ட எல்லாரும் கிறிஸ்தவர்கள். 1948-இல் ராணுவம் வந்து, இரண்டு வாரம் வெளியே இருங்கள் என்று அழைத்துப் போனது. இரண்டு வாரம் முடியவே இல்லை. 1951 ஜூலையில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே அவர்கள் திரும்பலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ராணுவம் வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தது. மாதா கோயிலும் கல்லறைத் தோட்டமும் மட்டும் மிஞ்சின. அவர்கள் இஸ்ரேல் குடிமக்கள்தான், ஓட்டுப் போடுகிறவர்கள்தான். எழுபதுகளிலிருந்து ஊர்க்காரர் யாராவது செத்தால் அங்கே கொண்டுவந்து புதைக்க விடுகிறார்கள். உயிரோடு இருப்பவர் குடியேற முடியாது. இதில் எந்த மதத்தைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. இதை முதலில் படித்தபோது எனக்குச் செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கும் எங்கள் மாரியம்மன் கோயில்தான் கண்ணுக்குள் வந்தது.

கேள்வி: அம்மாவுக்கு 86 வயது. ஞாபகம் போய்விட்டது. சாயங்காலமானால் பையை எடுத்துக்கொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசலில் நிற்கிறார். நாங்கள் இருந்த தோட்டம் இப்போது செம்பனைக் காடு, லயம் இல்லை. இதுதான் வீடு என்று சொன்னால் அழுகிறார். என்ன செய்ய? (மகள், கோலசிலாங்கூர்)

பதில்: முதலில் ‘இதுதான் வீடு’ என்று சொல்வதை நிறுத்துங்கள் மகளே. உங்களுக்கு அது சமாதானம், அவருக்கு அது பொய். சாயங்காலத்தில் இந்தத் தவிப்பு கூடுவது இந்த நோயில் சகஜம். விளக்கைச் சீக்கிரமே போடுங்கள், ஐந்து மணிக்குள் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று கிளினிக்கில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். தொற்று இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். அப்புறம் பையைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம், குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று, காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்குத் தண்டவாளம் தட்டுவது யார் என்று கேளுங்கள். சொல்லச் சொல்லக் கை தளரும், பை தானாகக் கீழே இறங்கும்.

தோட்ட ஆஸ்பத்திரியில் இருபத்து நாலு வருடம் இருந்தேன். கட்டிலில் கிடந்த எத்தனையோ கிழவர்கள் கடைசி நாளில் ‘ஊருக்குப் போகணும் டிரசரய்யா’ என்றுதான் சொன்னார்கள். தஞ்சாவூரோ சேலமோ என்று நானாக நினைத்துக்கொள்வேன். ஒருமுறை ஒரு பெரியவரிடம் குனிந்து, எந்த ஊர் தாத்தா என்று கேட்டேன். அவர் சொன்னது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டத்தின் பெயர். சம்சாரம் உயிரோடு இருந்த காலத்தில் அங்கே வேலை செய்திருக்கிறார். ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்றால் அதன் புகைக்கூண்டு தெரியும். அன்று சாயங்காலமே ஆம்புலன்ஸ் டிரைவரைப் பிடித்து அழைத்துப்போயிருக்கலாம். நான் மறுநாள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அவர் இல்லை.

அதனால் ஒரு தடவை அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள். உங்கள் தோட்டம் எனக்குத் தெரியும். லயம் இல்லை என்றாலும், வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரை செம்பனைக்கு நடுவில் இன்னும் கிடக்கிறது. போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், ஓரத்தில் தொட்டில் கட்டும் இரும்புக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, கால் இடறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தடித்த காலணி போட்டுவிடுங்கள், கீழே முள் அதிகம். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குப் போனால் வெயில் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், முன் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை அங்குள்ள கோயிலுக்குப் பூசாரி வருவார், திறந்திருக்கும். காவலுக்கு இருக்கும் நேப்பாளத் தம்பியிடம் கோயிலுக்கு என்று சொன்னால் போதும், விட்டுவிடுவார்.